சிறிய ஜெட் படகின் வேகமும் எஞ்சின் தேர்வும்: எடையிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

நான்கு மீட்டர் நீளத்தை ஒட்டிய சிறிய ஜெட் படகு ஒன்றைக் கட்டவோ வாங்கவோ நினைப்பவர் முதலில் கேட்பது, எந்த எஞ்சினைப் பொருத்தினால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதுதான். அதற்குத் தெளிவான விடை உண்டு. ஆனால் எஞ்சினிலிருந்து தொடங்கித் தேடினால் அந்த விடை கைக்கு வராது. படகின் மொத்த எடை, அடிப்பகுதியின் வடிவம், பம்பின் அளவு, அதனுள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச்சக்கரமான இம்பெல்லரின் சாய்வு ஆகியவை முடிவான பிறகுதான் குதிரைத்திறன் என்ற எண்ணுக்குப் பொருள் வருகிறது. வலிமையான எஞ்சினை முதலில் வாங்கிவிட்டுப் படகைப் பிறகு அதற்கேற்ப வளைக்க முயன்றவர்கள், பெரும்பாலும் அதிக எரிபொருளைச் செலவிட்டு எதிர்பார்த்ததைவிடக் குறைந்த வேகத்தையே பெற்றிருக்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி எடையில் தொடங்கி, பம்பைக் கடந்து, அதன் பிறகே எஞ்சினுக்கு வருகிறது.

இங்கே பேசப்படும் படகுகள் இரண்டு மரபுகளைச் சேர்ந்தவை. ஒன்று நியூசிலாந்தின் ஆற்றுப் படகு மரபு. கார் எஞ்சினையும் ஹாமில்ட்டன் வகைப் பம்பையும் நேரடியாக இணைப்பது அதன் வழக்கம். மற்றொன்று அமெரிக்காவின் ஐடஹோ, ஓரிகன், அலாஸ்கா பகுதிகளில் வளர்ந்த ‘மினி ஜெட்’ மரபு. பழைய நீர் ஸ்கூட்டர் (ஜெட் ஸ்கீ) ஒன்றின் எஞ்சினையும் பம்பையும் எடுத்து, மூன்றரை முதல் நான்கரை மீட்டர் நீளமுள்ள அலுமினிய உடலில் பொருத்துவது அதன் வழக்கம்.

தாரை எப்படி உந்துகிறது

நியூசிலாந்தின் மெக்கன்சி சமவெளியில் ஐரிஷ்மேன் க்ரீக் என்ற ஆட்டுப் பண்ணையை நடத்திவந்த பில் ஹாமில்ட்டன், கூழாங்கற்கள் நிறைந்த ஆழமற்ற ஆறுகளில் எதிரோட்டமாகச் செல்லக்கூடிய படகைத் தேடி, 1950களின் தொடக்கத்தில், அடியிலிருந்து தண்ணீரை இழுத்துப் பின்னால் தாரையாகப் பீய்ச்சிப் படகை உந்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். அவருடைய முதல் முயற்சியில் தண்ணீர் படகின் அடிப்பகுதிக்குக் கீழே வெளியேற்றப்பட்டது. வேகம் குறைவாகவே இருந்தது. வெளியேறும் முனையைப் படகின் பின்பலகையில், நீர்மட்டத்துக்கு மேலே மாற்றிய பிறகு வேகம் கூடியதோடு, அடியில் நீட்டிக்கொண்டிருந்த எல்லாமும் இல்லாமல் போயின. 1960-இல் அவருடைய ஜெட் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வழியே எதிரோட்டமாக ஏறிச் சென்றன. இன்றைய சிறிய ஜெட் படகுகளின் அமைப்பு அடிப்படையில் அதுவேதான்.

தாரை தரும் உந்துவிசை இரண்டு அளவுகளின் பெருக்கல். ஒன்று, ஒரு நொடியில் பம்பின் வழியே செல்லும் தண்ணீரின் நிறை. மற்றொன்று, தாரையின் வேகத்துக்கும் படகின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடு. படகு வேகமெடுக்க எடுக்க இந்த வேறுபாடு சுருங்குகிறது, உந்துவிசையும் குறைகிறது. நீரும் காற்றும் கொடுக்கும் தடையோ கூடிக்கொண்டே போகிறது. இரண்டும் சமமாகும் புள்ளியே உச்ச வேகம். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் அளவில் குறைந்தாலும் தூரமாகப் பாய்வதைப் போல, முனையின் விட்டத்தைச் சிறிதாக்கினால் தாரையின் வேகம் கூடும், நிறை குறையும். இலேசான, வேகமான படகுக்கு அது நன்மை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு நின்ற நிலையிலிருந்து எழ வேண்டிய கனமான படகுக்கு அதே மாற்றம் தீமையாக முடியும்.

பம்பைப் பற்றிய இன்னோர் உண்மை, எஞ்சின் தேர்வு முழுவதையும் ஆள்கிறது. இம்பெல்லர் உறிஞ்சும் திறன் அதன் சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 குதிரைத்திறனை உறிஞ்சும் இம்பெல்லர், 6,000 சுற்றில் ஏறத்தாழ 126 குதிரைத்திறனை மட்டுமே உறிஞ்சும். தண்ணீருக்குள் சுழலும் விசிறி (புரொப்பெல்லர்) வைத்த படகைப் போலன்றி, சுமை கூடினாலும் குறைந்தாலும் ஜெட் படகின் எஞ்சின் முழுத் திராட்டிலில், அதாவது வேகப்பிடி முழுதாகத் திறந்த நிலையில், ஏறத்தாழ ஒரே சுழற்சி வேகத்தில்தான் நிற்கும், ஏனென்றால் பம்பு படகின் வேகத்தை அதிகம் பொருட்படுத்துவதில்லை. எனவே எந்தச் சுழற்சி வேகத்தில் எஞ்சின் உச்சத் திறனைத் தருகிறதோ, அதே சுழற்சி வேகத்தில் அந்தத் திறன் முழுவதையும் உறிஞ்சும் இம்பெல்லரைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தத்தின் சாரம். கியர்பெட்டி எதுவும் இடையில் இல்லாததால், இந்தப் பொருத்தத்தில் நேர்ந்த பிழையைப் பிறகு மறைக்க வழி இல்லை.

வேகத்தை முன்கூட்டியே கணக்கிடுதல்

நீரின் மேல் வழுக்கிச் செல்லும் சிறிய படகுகளுக்கு க்ரௌச் சூத்திரம் என்ற எளிய கணக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. குதிரைத்திறனை மொத்த எடையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுத்து, படகின் வகைக்கு ஏற்ற ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். எடையைக் கிலோகிராமிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் வைத்துக்கொண்டால், சிறிய ஜெட் படகுகளுக்கு அந்த மாறிலி ஏறத்தாழ 140-க்கும் 165-க்கும் இடையில் அமைகிறது. திட்டமிடும்போது 150 என்று வைத்துக்கொள்வது நல்லது.

வேகம் = 150 × √(குதிரைத்திறன் ÷ மொத்த எடை)

மொத்த எடை என்பது வெற்றுப் படகின் எடை அன்று. எஞ்சின், பம்பு, பேட்டரி, நிரம்பிய எரிபொருள் தொட்டி, ஆட்கள், நங்கூரம், கருவிப்பெட்டி, குளிர்பெட்டி என்று தண்ணீரில் மிதக்கும் அனைத்தையும் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டலில்தான் பலர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ஒரு சான்று பார்ப்போம். சீ-டூ ஸ்பார்க் என்ற சிறிய நீர் ஸ்கூட்டரின் 90 குதிரைத்திறன் வகை, ஓர் ஆளோடும் எரிபொருளோடும் சேர்த்து 300 கிலோவை ஒட்டி நிற்கும். சூத்திரம் மணிக்கு 82 கி.மீ. என்கிறது, நடைமுறையில் அது எட்டுவது 80 கி.மீ. அளவில்தான். இனி நம்முடைய படகுக்கு வருவோம். மொத்தம் 500 கிலோ, 150 குதிரைத்திறன் என்றால் விடை 82 கி.மீ. அதே எஞ்சினோடு எடை 600 கிலோ ஆனால் 75. இன்னும் இருவர் ஏறி, தொட்டியும் நிரம்பி 750 கிலோ ஆனால் 67. இப்போது 500 கிலோ படகிலேயே எஞ்சினை இரட்டிப்பாக்கி 300 குதிரைத்திறன் வைத்தால் 116 கி.மீ. கிடைக்க வேண்டும்; ஆனால் அந்த எஞ்சினோடு வரும், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சூப்பர்சார்ஜர், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெரிய எரிபொருள் தொட்டி, வலுப்படுத்திய எஞ்சின் தாங்கிகள் ஆகியவற்றால் எடை 500-இல் நிற்பதில்லை.

திறனை இரட்டிப்பாக்கினால் வேகம் ஐந்தில் இரண்டு பங்கு மட்டுமே கூடுகிறது என்பதை இந்தக் கணக்கிலிருந்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். எடையைப் பாதியாக்குவதும் அதே பலனைத் தரும். அதற்கு எரிபொருள் செலவு இல்லை, கூடுதல் வெப்பமும் இல்லை. இலக்கை முடிவு செய்யும்போது, நீர் ஸ்கூட்டர் உற்பத்தியாளர்கள் அமெரிக்கக் கடலோரக் காவல்படையோடு ஏற்படுத்திக்கொண்ட உடன்பாட்டின்படி தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் நீர் ஸ்கூட்டர்களின் உச்ச வேகத்தை மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கி.மீ. என்ற அளவையொட்டியே வைத்து வந்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளலாம். நான்கு மீட்டர் குடும்பப் படகுக்கு 70 முதல் 85 கி.மீ. வரையிலான இலக்கு நேர்மையானது, அடையக்கூடியது, நாள் முழுவதும் மகிழ்ச்சியாக ஓட்டக்கூடியது என்பது என் உறுதியான கருத்து.

பம்பும் இம்பெல்லரும்

நீர் ஸ்கூட்டர்களின் பம்புகள் பெரும்பாலும் 140 முதல் 160 மில்லிமீட்டர் வரை விட்டம் உள்ளவை. நிமிடத்துக்கு 7,000 முதல் 8,000 சுற்று வரை சுழலும் எஞ்சினோடு நேரடியாக இணைவதற்காகவே அவை வடிவமைக்கப்பட்டவை. நியூசிலாந்துப் படகுகளில் காணப்படும் பம்புகள் இதைவிடப் பெரியவை, ஹாமில்ட்டன் எச்.ஜே. 212 போன்றவற்றின் இம்பெல்லர் 20 சென்டிமீட்டரைத் தாண்டும், சுழற்சி 4,000 சுற்றைச் சுற்றி அமையும். சிறிய பம்பு அதிவேகத்தில் சிறந்து விளங்கும். ஆனால் கனமான படகை நின்ற நிலையிலிருந்து கிளப்பும்போது அதன் உள்வாயில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, இம்பெல்லர் இதழ்களைச் சுற்றி நீராவிக் குமிழிகள் தோன்றும் கேவிட்டேஷன் நிலை எளிதில் வந்துவிடும். அப்போது எஞ்சின் அலறும், படகு நகராது. மொத்த எடை 700 கிலோவைத் தாண்டும் என்று தெரிந்தால், 300 குதிரைத்திறன் எஞ்சினைச் சிறிய பம்பில் கட்டுவதைவிடப் பெரிய பம்புக்குச் செல்வதே நல்லது.

இம்பெல்லருக்கும் அதைச் சூழ்ந்துள்ள தேய்மான வளையத்துக்கும் இடையிலான இடைவெளியே பம்பின் உயிர். புதிய பம்பில் அது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும். அரை மில்லிமீட்டரைக் கடந்துவிட்டால் கிளம்பும் வேகம் குறைவது ஓட்டுபவருக்கே தெரியும். மணலும் சிறுகற்களும் உள்ள ஆறுகளில் இந்தத் தேய்மானம் விரைவாக நடக்கும். சில நிறுவனங்களின் பம்பில் வளையம் பிளாஸ்டிக்கால் ஆனது, மலிவாக மாற்றிவிடலாம். வேறு சிலவற்றில் துருப்பிடிக்காத எஃகு உறை இருக்கும், நெடுநாள் உழைக்கும், மாற்றும் செலவு கூடுதல். ஆற்றில் ஓட்டுவதாக இருந்தால் மாற்று வளையம் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்திருப்பது வீண்செலவு ஆகாது.

காற்று புகுதல் தனிச் சிக்கல். பம்பின் உள்வாய் படகின் அடிப்பலகையோடு சேரும் இடத்தில் சிறு இடுக்கு இருந்தாலும் பம்பு அதன் வழியே காற்றை இழுக்கும். காற்று கலந்த தண்ணீரில் இம்பெல்லருக்குப் பிடிமானம் இல்லை. ஆகவே அந்த இணைப்பைக் கடல்சார் சீலன்ட் கொண்டு முழுமையாக அடைக்க வேண்டும். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நீர்வரம்புகள் உள்வாய்க்கு நேராக வந்து முடியாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவை நுரையை நேராகப் பம்புக்குள் கொண்டுசென்று கொட்டும். உள்வாய்க்கு முன்னால் ஒரு மீட்டர் தூரத்துக்காவது அடிப்பகுதி மழமழப்பாக இருப்பது நல்லது. கல் வடிகட்டிக் கம்பிகள் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆழமற்ற ஆற்றில் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

எஞ்சின் வகைகள்

*இரண்டு ஸ்ட்ரோக் நீர் ஸ்கூட்டர் எஞ்சின்கள்.* யமஹாவின் 701, 760 சி.சி. இரட்டைச் சிலிண்டர்களும், சீ-டூ வண்டிகளில் வரும் ரோட்டாக்ஸின் 717, 787, 951 வகைகளும் மினி ஜெட் கட்டுபவர்களால் இன்றும் தேடப்படுகின்றன. 787 சுமார் 110 குதிரைத்திறனும் 951 சுமார் 130 குதிரைத்திறனும் தருகின்றன. இவற்றின் பெரிய நன்மை எடைக்குறைவு. மூன்றரை மீட்டர் படகில் இருவர் செல்ல யமஹா 701 போதும், ஆனால் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தீமைகளும் தெளிவானவை. எண்ணெய் கலந்த புகை, நான்கு ஸ்ட்ரோக்கைவிடக் கூடுதலான எரிபொருள் செலவு, பல ஏரிகளிலும் ஆறுகளிலும் பழைய கார்புரேட்டர் வகைகளுக்கு விதிக்கப்பட்டுள்ள தடைகள் ஆகியவற்றை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, இந்த எஞ்சின்கள் 300 கிலோ வண்டிக்காக வடிவமைக்கப்பட்டவை என்பது. 500 கிலோ படகில் முழுத் திராட்டிலில் நீண்ட நேரம் ஓடும்போது எரிபொருள் கலவை சிறிது மெலிந்தாலும் பிஸ்டன் உருகும். கார்புரேட்டரின் எரிபொருள் துளைகளை (ஜெட்டுகளை) சற்றுச் செறிவான பக்கம் வைத்திருப்பதே பாதுகாப்பு.

*சூப்பர்சார்ஜர் இல்லாத நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள்.* நான்கு மீட்டர் அளவுள்ள படகுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ரோட்டாக்ஸின் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின் 130, 155 குதிரைத்திறன் வகைகளில் கிடைக்கிறது. கவாசாகியின் 1,498 சி.சி. நான்கு சிலிண்டர் 160 குதிரைத்திறன் தருகிறது. யமஹாவின் 1,812 சி.சி. எஞ்சின் சுமார் 180 தருகிறது. யமஹாவின் எஞ்சினைப் பொருத்தவரை அதன் வலிமை உச்சத் திறனில் மட்டும் இல்லை. கொள்ளளவு பெரிது என்பதால் நடுத்தரச் சுழற்சியிலும் இழுவை நன்றாக இருக்கிறது, கனமான படகில் அது உடனே உணரப்படும். மூன்றுமே சாதாரணப் பெட்ரோலில் நன்றாக ஓடுபவை, முறையாக எண்ணெய் மாற்றினால் நூற்றுக்கணக்கான மணி நேரம் தொல்லையின்றி உழைப்பவை.

இவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது குளிர்விக்கும் முறையில் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். யமஹாவும் கவாசாகியும் பம்பிலிருந்து ஆற்று நீரை நேரடியாக எஞ்சினுக்குள் செலுத்துகின்றன. வண்டலும் மணலும் மிகுந்த ஆற்றில் அந்த வழிகள் அடைபடக்கூடும் என்பதால் வடிகட்டி ஒன்றை இடையில் சேர்ப்பது அறிவுடைமை. ரோட்டாக்ஸின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் குளிர்திரவம் மூடிய சுற்றில் ஓடுகிறது. வண்டியின் பின்னடியில் தண்ணீரைத் தொட்டுச் செல்லும் ரைடு பிளேட் என்ற தகடே அதன் வெப்பமாற்றி. எனவே ரோட்டாக்ஸை வேறு படகில் பொருத்துபவர் அந்தத் தகட்டையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும், அல்லது அடிப்பலகையில் அதே அளவு வெப்பத்தை வெளியேற்றும் குளிர்விப்பான் ஒன்றை அமைக்க வேண்டும். கலங்கிய ஆறுகளில் மூடிய சுற்று பெரிய நிம்மதி. ஆயினும் புகைபோக்கியைக் குளிர்விக்க அதற்கும் வெளிநீர் தேவை என்பதால் அந்தக் குழாயை அலட்சியப்படுத்தக் கூடாது.

*சூப்பர்சார்ஜர் உள்ளவை.* ரோட்டாக்ஸில் 215, 255, 260 என்றும், 1,630 சி.சி. வகையில் 300 என்றும், கவாசாகியில் 310 வரையிலும், யமஹாவின் எஸ்.வி.எச்.ஓ. வகையில் 250 அளவிலும் திறன் கிடைக்கிறது. இலேசான படகில் இவை தரும் வேகமெடுப்பு சிலிர்ப்பூட்டுவது, அதை மறுக்க முடியாது. ஆனால் செலவைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின் முழுத் திறனில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் எரிக்கும். 150 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 45 லிட்டரில் நிற்கும். 300 குதிரைத்திறன் எஞ்சின் 90-ஐத் தாண்டும். சிறிய படகில் 60 லிட்டர் தொட்டி வைத்திருப்பவருக்கு முழுத் திராட்டிலில் 40 நிமிடம்கூடக் கிடைக்காது. உயர் ஆக்டேன் எரிபொருளும் தேவைப்படும். பழைய ரோட்டாக்ஸ் சூப்பர்சார்ஜர்களில் வழுக்கிணைப்புக்கு (ஸ்லிப் கிளட்ச்) பீங்கான் வளையங்கள் பயன்பட்டன. அவை உடைந்தால் துண்டுகள் எண்ணெயோடு எஞ்சினுக்குள் சென்றுவிடும் என்பதால், குறித்த மணிக்கணக்கில் பிரித்துப் புதுப்பிக்கும்படி பராமரிப்பு அட்டவணை கூறியது. அத்தகைய எஞ்சினை வாங்குபவர் உலோக வளையங்களுக்கு மாற்றப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

*கார் எஞ்சின்கள்.* நியூசிலாந்தில் ஃபோர்டு நான்கு சிலிண்டர்களில் தொடங்கி, 3.8 லிட்டர் வி6, டொயோட்டாவின் 4 லிட்டர் 1யூ.இசட். அலுமினிய வி8, சுபாரு தட்டை நான்கு சிலிண்டர், ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வரிசை வி8 என்று பலவும் ஆற்றில் ஓடியிருக்கின்றன. உதிரி பாகங்கள் எங்கும் கிடைப்பதும், 4,000 சுற்றை ஒட்டிய சுழற்சியில் பதற்றமின்றி உழைப்பதும் இவற்றின் பலம். எடைதான் பலவீனம். பழைய வார்ப்பிரும்பு செவ்ரோலே வி8 260 கிலோ அளவுக்கு வரும், அலுமினிய எல்.எஸ். அதைவிடச் சுமார் 60 கிலோ குறைவு. ஐந்து மீட்டருக்குக் குறைவான படகில் வி8 வைத்தால் படகு எஞ்சினைச் சுமப்பதற்காகவே ஓடுவதுபோல் ஆகிவிடும். அங்கே அலுமினிய நான்கு சிலிண்டரோ இலேசான வி6-ஓ போதுமானது.

கார் எஞ்சினைப் படகுக்கு மாற்றும்போது செய்யவேண்டியவை பல. புகைபோக்கி மேனிஃபோல்டு நீரால் குளிர்விக்கப்பட வேண்டும். மூடிய எஞ்சின் அறையில் காய்ந்த புகைபோக்கி தீயை வரவழைக்கும். குளிர்நீரைப் பம்பின் அழுத்தத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், தனிப் பம்பு தேவையில்லை. கூர்மையான திருப்பங்களில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி எண்ணெய்ப் பம்பு காற்றை இழுக்காதபடி எண்ணெய்த் தொட்டியில் தடுப்புகள் பொருத்த வேண்டும். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், எரிபொருள் பம்பு ஆகியவை தீப்பொறியை வெளிவிடாத கடல்சார் வகையாகவே இருக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. சுழலும் திசையையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார் எஞ்சின்கள் ஃபிளைவீல் பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார எதிர்த்திசையில் சுழல்பவை, பழைய ஹோண்டாக்கள் சில நேர்மாறானவை. இம்பெல்லர் அந்தத் திசைக்கு வெட்டப்பட்டதாக இல்லையென்றால் எல்லா உழைப்பும் வீணாகும்.

*அவுட்போர்டு ஜெட்.* படகின் பின்பலகைக்கு வெளியே தொங்கும் சாதாரண அவுட்போர்டு மோட்டாரின் கீழ்ப்பகுதியைக் கழற்றி அங்கே பம்பைப் பொருத்துவது இந்த முறை. பொருத்துவது எளிது, படகினுள் இடம் மிச்சம். ஆனால் விசிறியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 30 விழுக்காடு திறன் இழப்பாகும். 115 குதிரைத்திறன் மோட்டாரை 80 என்று எண்ணிக் கணக்கிடுவதே சரி. மீன்பிடிக்க ஆழமற்ற ஆற்றில் மெதுவாகச் செல்பவருக்கு நல்ல தேர்வு; உச்ச வேகத்தை நாடுபவருக்கு அன்று.

பழைய வண்டியை வாங்கும்போது

எஞ்சினை மட்டும் தனியாக வாங்குவது மலிவாகத் தெரியும், முடிவில் செலவாகும். ஓடும் நிலையில் உள்ள முழு நீர் ஸ்கூட்டரை வாங்குங்கள். எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி, முழு வயரிங், பாதுகாப்புக் கயிற்றுச் சாவி, புகைபோக்கி, டிரைவ் ஷாஃப்ட், பம்பு, திசைமுனை, எரிபொருள் பம்பு என அனைத்தும் ஒரே வண்டியிலிருந்து வருவது மிகவும் முக்கியம். சீ-டூ வண்டிகளில் சாவி அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பதிவு செய்யப்பட்டிருக்கும். சாவி இல்லாத எஞ்சின் வெறும் உலோகக் கட்டிதான். எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து, அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள்; எவ்வளவு விலை குறைத்தாலும் விட்டுவிடுங்கள்.

டிரெய்லரில் வைத்துக் குழாய்நீர் இணைத்து ஓட்டிப் பார்க்கும்போது, முதலில் எஞ்சினைக் கிளப்பி அதன் பிறகே தண்ணீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடி, சில நொடிகள் கழித்து எஞ்சினை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் புகைபோக்கியின் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.

பொருத்துதல்

எஞ்சின் தண்டும் பம்புத் தண்டும் ஒரே கோட்டில் நிற்பதே இங்கே முதல் வேலை. சிறிய விலகலும் நிமிடத்துக்கு 7,500 சுற்றில் தாங்கியையும் கப்ளிங் ரப்பரையும் சில மணி நேரங்களில் தின்றுவிடும். எடையை வைக்கும் இடத்தைப் பொருத்தவரை, பின்பக்கம் மிகக் கனமானால் படகு மூக்கை உயர்த்திக்கொண்டு தாவித் தாவி ஓடும், முன்பக்கம் கனமானால் மூக்கைத் தண்ணீரில் ஊன்றித் திசையைப் பறித்துக்கொள்ளும். எரிபொருள் தொட்டியையும் பேட்டரியையும் இறுதி இடத்தில் நிலைநிறுத்துவதற்கு முன் தற்காலிகமாக வைத்து ஓட்டிப் பார்ப்பது பின்னர் வெட்டி ஒட்டும் வேலையைத் தவிர்க்கும். அடிப்பகுதியின் வி சாய்வு குறைவாக இருந்தால் படகு எளிதில் எழும், வேகமும் கூடும், ஆனால் அலையில் முதுகு நோகும். ஆற்றுக்கும் ஏரிக்கும் ஒரே அடிப்பகுதி சரிப்படாது.

சோதனையும் எண்களைப் படித்தலும்

ஆழமான, அமைதியான நீரில், எப்போதும் ஏற்றும் சுமையோடு முழுத் திராட்டிலில் ஓட்டி, சுழற்சி வேகத்தையும் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர் ஸ்கூட்டரின் சொந்த வேகமானி உயர்த்திக் காட்டும் பழக்கம் உள்ளது. ஆற்றில் சோதித்தால் எதிரோட்டமாக ஒருமுறையும் ஓட்டத்தோடு ஒருமுறையும் சென்று சராசரி எடுக்க வேண்டும்.

எஞ்சின் தன் உச்சத் திறன் சுழற்சியை எட்டாமல் சில நூறு சுற்றுகள் கீழே நின்றால், இம்பெல்லரின் சாய்வு அதற்கு மிகுதி, அல்லது எஞ்சின் சோர்ந்திருக்கிறது. சுழற்சி சரியாக இருந்து வேகம் மட்டும் சூத்திரத்தைவிட வெகுவாகக் குறைந்தால், படகின் எடையையும் அடிப்பகுதியையும் சந்தேகிக்க வேண்டும். சுழற்சி எல்லையைத் தாண்டி ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் அது பம்பின் குற்றம்: இடைவெளி தேய்ந்திருக்கும், காற்று புகுந்திருக்கும், அல்லது இம்பெல்லரில் களைச்செடி சுற்றியிருக்கும். கிளம்பும்போது மட்டும் அலறி, வேகம் பிடித்த பிறகு சரியாகிவிட்டால் கேவிட்டேஷன். இம்பெல்லரின் முன்விளிம்பைச் சீர்செய்வது அதற்கு மருந்து.

உச்ச வேகத்தைச் சோதிப்பதற்கு முன் படகின் நடத்தையை அறிந்திருக்க வேண்டும். ஜெட் படகில் தாரை இல்லாமல் திசை இல்லை. ஆபத்தைக் கண்டதும் திராட்டிலை விட்டுவிட்டால் படகு நேராகத்தான் போகும். பயந்த கணத்தில் கை விடுவது இயல்பு என்பதால், சிறிது திராட்டில் கொடுத்தபடியே திருப்புவதைக் குறைந்த வேகத்தில் பலமுறை பழகிக் கையில் ஊறவைக்க வேண்டும். விழுந்தால் எஞ்சினை அணைக்கும் நிறுத்துக் கயிற்றை உடம்போடு கட்டிக்கொள்வதும், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் ஊதுவிசிறியை இயக்கிப் பெட்ரோல் ஆவியை வெளியேற்றுவதும் ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்யவேண்டியவை. வழுக்கி ஓடும்போது கணுக்கால் ஆழமே போதும் என்றிருக்கும் படகு, நின்றவுடன் முழங்கால் ஆழத்துக்கு அமிழும். ஆகவே ஆழமற்ற இடத்தில் வேகத்தைக் குறைத்தால் கற்களின் மேல் அமர நேரிடும், பம்பும் கற்களை விழுங்கும். நியூசிலாந்தில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள்ளும், பிற படகு அல்லது நீந்துபவரிடமிருந்து 50 மீட்டருக்குள்ளும் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. அது தளர்த்தப்பட்டுள்ள ஆறுகள் எவை என்பதை அந்தந்த வட்டார நிர்வாகம் அறிவித்திருக்கும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பருவத்தின் எண்களை, எத்தனை ஆட்கள், எவ்வளவு எரிபொருள் என்ற விவரத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறத்தில் வைத்திருங்கள். அடுத்த பருவத்தில் அதே சுமையில் 5 கி.மீ. வேகம் குறைந்து, சுழற்சி மட்டும் சிறிது ஏறியிருந்தால், எஞ்சினில் கை வைப்பதற்கு முன் உள்வாயிலிருந்து விளக்கு அடித்து, இடைவெளி அளக்கும் தகடுகளால் இம்பெல்லரைச் சுற்றிலும் நான்கு இடங்களில் அளந்து பாருங்கள்.